சாவிக்கொத்து நம்மிடம், கணக்குப் புத்தகம் யாரிடம்?

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறினால், சாலையின் இருபுறமும் சில்வர் ஓக் மரங்கள். மரத்தில் மிளகுக்கொடி, அதன் நிழலில் காப்பிச்செடி. செம்மேட்டைத் தாண்டி அரப்பளீஸ்வரர் கோயில் பக்கம் போகப் போக, இடையிடையே தங்கும் விடுதிகளும் பண்ணை வீடுகளும் தென்படுகின்றன. இவற்றின் சொந்தக்காரர்கள் பலர் மலையில் குடியிருப்பவர்கள் அல்லர். நாமக்கல், சேலம், ஈரோடு, சென்னை என்று கீழே இருக்கிறார்கள். எப்போதாவது வருவார்கள். மற்ற நாட்களில் அந்தச் சொத்தை யாரோ ஒருவர் பார்த்துக்கொள்கிறார். இந்த வாரம் அந்த ‘யாரோ ஒருவரை’ப் பற்றிப் பேசுவோம்.

அப்படி ஓர் இளைஞரை மலையில் சந்தித்தோம். அடிவாரத்து அருந்ததியர் குடியிருப்பிலிருந்து வேலைக்கு வந்தவர். பிளஸ் டூ முடித்தவர். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. ஆறு அறை கொண்ட விடுதி, அதையொட்டி ஐந்து ஏக்கர் காப்பித் தோட்டம். காலையில் மோட்டார் போடுவது, வருகிறவர்களுக்கு அறை திறந்துவிடுவது, கரண்ட் பில் கட்டுவது, குழாய் உடைந்தால் கீழே போன் போட்டு ஆள் வரவைப்பது, காப்பிப்பழம் பறிக்க மலையாளிப் பழங்குடிப் பெண்களைக் கூட்டிவருவது, பறித்த பழத்தை நிறுத்து மூட்டை போடுவது எல்லாம் அவர்தான்.

“எல்லாமே நாந்தானுங்க பாக்கறேன். கணக்கு மட்டும் மொதலாளியோட மச்சான் வந்து பாத்துக்குவாருங்க” என்றார்.

“உங்களுக்கு என்ன வேலை என்று எழுதியிருக்கிறார்கள்?” என்று கேட்டோம்.

“வாட்ச்மேனுங்க.”

அவர் செய்வது காவல் வேலை அல்ல. அதற்குத் தனிப்பெயர் உண்டு, தனிச் சம்பளம் உண்டு, தனிப் படிப்பும் உண்டு. சொத்து மேலாளர் என்று பெயர். வேலையை அவர் செய்கிறார். பெயரும் சம்பளமும் வேறொருவருக்குப் போகின்றன. நம் பிள்ளைகள் பலர் இப்படித்தான் மேலாளர் வேலையைக் காவலாளி கூலிக்குச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

என்ன வேலை இது?

சொத்து மேலாளர் வேறு, புரோக்கர் வேறு. புரோக்கர் விற்றுக் கொடுத்து, வாடகைக்குப் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். மேலாளரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சொத்து கெடாமல் பார்ப்பது, அதிலிருந்து வரவேண்டிய வருமானத்தை வரவைப்பது, அதில் குடியிருப்பவர்களுக்கும் வேலை செய்பவர்களுக்கும் உரியதைத் தருவது, இவை எல்லாவற்றுக்கும் எழுத்தில் கணக்கு வைப்பது. இந்த நான்கும் சேர்ந்ததுதான் இந்தத் தொழில்.

நகரங்களில் வாடகை வீடுகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2017-இல் நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் கடமைகளையும் முறைப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் சொத்து மேலாளரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ரசீது கொடுத்து வாடகை வாங்க வேண்டும். அத்தியாவசியப் பழுதுகளைச் சரிசெய்ய வேண்டும். அவ்வப்போது வீட்டைப் பார்வையிட வேண்டும். வாடகை உயர்வு, காலி செய்தல் போன்றவற்றுக்கு முறையாக அறிவிப்புத் தர வேண்டும். தகராறு வந்தால் தீர்த்துவைக்க உதவ வேண்டும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். வீட்டுக்கு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. சென்னை, கோவை போன்ற ஊர்களில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் இந்த வேலைக்கு ஆட்களைச் சம்பளத்துக்கு எடுக்கின்றன. லிஃப்ட், ஜெனரேட்டர், தண்ணீர் லாரி, பராமரிப்புக் கட்டண வசூல் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

மலைத்தோட்டத்தில் இதே வேலைக்குப் பருவம் உண்டு. மார்ச், ஏப்ரலில் பூ மழை பெய்ததா என்று பார்க்க வேண்டும். மழைக்கு முன் நிழல் மரங்களைக் கவாத்து செய்ய வேண்டும். காப்பியில் தண்டுத் துளைப்பான், மிளகில் வாடல் நோய் வருகிறதா என்று செடி செடியாகக் கவனிக்க வேண்டும். நவம்பரில் தொடங்கும் காப்பிப் பறிப்பு முடிவதற்குள் மிளகு காய்ந்து நிற்கும். எத்தனை ஆள், எத்தனை கிலோ, எவ்வளவு கூலி என்று தினம் எழுத வேண்டும். எஸ்டேட்டுகளில் அந்தப் பதிவேட்டைச் ‘செக்ரோல்’ என்பார்கள். அதை எழுதுகிறவர்தான் தோட்டத்தில் அதிகாரம் உள்ளவர்.

எழுதும் கை எங்கிருந்து வந்தது?

பழைய கிராம அமைப்பை நினைத்துப் பாருங்கள். வயலின் எல்லை எது, மடை எது, எந்தக் கல் எங்கே நட்டது என்று தெரிந்தவர் வெட்டியான். எல்லைத் தகராறு வந்தால் அவர் சொன்ன இடத்தை ஊரே ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த எல்லையை ஏட்டில் எழுதியவர் கர்ணம் என்கிற கணக்குப்பிள்ளை. வெட்டியான் வேலையும் பரம்பரை, கர்ணம் வேலையும் பரம்பரை. ஒருவருக்கு நடக்கும் கால், இன்னொருவருக்கு எழுதும் கை என்று சாதி பிரித்து வைத்திருந்தது. ஜமீன்களிலும் மிராசுகளிலும் காரியஸ்தர் என்று ஒருவர் இருந்தார். முதலாளி ஊரில் இல்லாதபோது குத்தகை அளந்தவரும் பண்ணையாளை அதட்டியவரும் அவரே.

காப்பி, தேயிலைத் தோட்டங்கள் வந்தபோது இதே அமைப்பு மலையேறியது. மேலே துரை, அடுத்து கணக்குப்பிள்ளை, அதற்குக் கீழே கங்காணி, கடைசியில் நம் மக்கள். இலங்கையில் தொழிலாளியின் கடன் கணக்கை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். அந்தக் கடனை அடைக்க இன்னொரு தோட்டம் முன்வந்தால்தான் தொழிலாளி அங்கே போகலாம். 1921-இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. கடன் எவ்வளவு என்று படித்துப் பார்க்கத் தெரியாதவரின் வாழ்க்கையை ஒரு துண்டுக் காகிதம் கட்டிப்போட்டது. வால்பாறைத் தோட்டங்களில் நடந்த கொடுமைகளை அங்கே மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் ‘ரெட் டீ’ என்ற நாவலாக 1969-இல் வெளியிட்டார். இரா.முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் கிடைக்கிறது. மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

மாஞ்சோலையை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கூலி உயர்வும் உரிமையும் கேட்ட தோட்டத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த பேரணியில், தாமிரபரணிக் கரையில் 17 உயிர்கள் போயின. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட தோட்டம் அது. குத்தகை முடியும் முன்பே, 2024-இல் நிறுவனம் தொழிலை நிறுத்தி விருப்ப ஓய்வு கொடுத்தது. தலைமுறை தலைமுறையாக அந்த மலையைத் தோட்டமாக்கிப் பராமரித்தவர்கள், குடியிருந்த லைன் வீட்டைக்கூடத் தமது என்று சொல்ல முடியவில்லை. சொத்தைப் பார்த்துக்கொண்ட நூற்றாண்டுக்குப் பிறகும் சொத்தின் எந்தக் காகிதத்திலும் அவர்கள் பெயர் இல்லை.

ஆனால் ஒரு மாற்றமும் நம் கண் முன்னே நடந்திருக்கிறது. 1980 நவம்பரில் தமிழ்நாடு அரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. பிறகு கிராம நிர்வாக அலுவலர் வேலைக்குத் தேர்வு வந்தது, இட ஒதுக்கீடு வந்தது. வெட்டியான் வீட்டுப் பேரன் பரீட்சை எழுதி, அடங்கல் எழுதும் நாற்காலியில் உட்கார்ந்தார். அரசாங்கத்தின் கணக்குப் புத்தகம் அப்படித்தான் கை மாறியது. தனியாரின் கணக்குப் புத்தகம் அவ்வளவாகக் கை மாறவில்லை. அங்கே தேர்வும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை. ‘நம்ம ஆள்’ என்ற நம்பிக்கைதான் தகுதி. சாவியை நம் பிள்ளையிடம் கொடுக்கத் தயங்காதவர்கள், கணக்கைக் கொடுக்க மட்டும் மச்சானைத் தேடுகிறார்கள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்

நாம் அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும்போதே, போய் என்ன செய்வோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய கங்காணியின் தடியை நாம் வாங்கிப் பிடிப்பதற்காக இந்தக் கட்டுரையை எழுதவில்லை. மேலாளராக வருகிற நம் பிள்ளை நான்கு இடங்களில் உறுதியாக நிற்க வேண்டும்.

முதலாவது, கழிவுநீர்த் தொட்டி. விடுதியோ அடுக்குமாடியோ, செப்டிக் டேங்க் நிரம்பினால் ஆள் கூப்பிடுவது மேலாளர்தான். அவர் யாருக்குப் போன் செய்கிறார் என்பதில் ஓர் உயிர் இருக்கிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறை பிடிபட்டாலே இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். நேரடியாக இறக்கினாலும் ஆள் வைத்து இறக்கினாலும் குற்றம்தான். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. “முதலாளி சொன்னார், நான் கூப்பிட்டேன்” என்று சொல்லித் தப்ப முடியாது. உறிஞ்சு லாரி மலைக்கு வரச் செலவு அதிகம்தான். அந்தச் செலவை வரவு செலவில் எழுதி முதலாளியிடம் வாங்குவதுதான் மேலாளரின் வேலை. இறங்கச் சொல்வது அல்ல.

இரண்டாவது, கூலி. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது 1976-லேயே சட்டமாகிவிட்டது. காப்பி பறிக்கும் பெண்ணுக்கு ஒன்று, மூட்டை தூக்கும் ஆணுக்கு ஒன்று என்று வேலையின் பெயரை மாற்றி எழுதிக் குறைப்பது பழைய தந்திரம். பெரிய தோட்டங்களில் தொழிலாளருக்கு வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைக் காப்பகம் தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. 10 பேருக்கு இ.எஸ்.ஐ., 20 பேருக்குப் பி.எஃப். என்பது பொதுவான அளவு. கொல்லிமலையில் பல தோட்டங்கள் சிறியவை. இந்த எண்ணிக்கை வராது. வராவிட்டாலும் குடிநீரும் கழிப்பறையும் கூலிச்சீட்டும் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

மூன்றாவது, வீடு கேட்டு வருகிறவரிடம் சாதி கேட்பது. நகரத்தில் படிக்கப் போன நம் மாணவர்களுக்கு இது தெரியும். “நீங்க என்ன ஆளுங்க?” என்று நேரடியாகக் கேட்க மாட்டார்கள். எந்தத் தெரு, எந்தக் கோயில், கறி சாப்பிடுவீர்களா என்று சுற்றி வருவார்கள். அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கேட்பவர் உரிமையாளர் அல்ல. அவருக்காக வீட்டைப் பார்த்துக்கொள்பவர். அந்த இடத்தில் நாம் இருந்தால் கேட்க வேண்டியவை மூன்றுதான்: அடையாளச் சான்று, வாடகை கட்டும் வழி, எத்தனை பேர் தங்குகிறார்கள்.

நான்காவது, நம் பெயரில் பத்திரம். இதுதான் மலையில் பெரிய ஆபத்து. “தம்பி, இடத்தை உன் பேர்லயே போட்டுக்கலாம், நீதானே பார்த்துக்கப் போறே” என்று அன்பாகச் சொல்வார்கள். பழங்குடியினர் நிலத்தையோ பட்டியலின மக்களுக்கு ஒப்படைத்த நிலத்தையோ வெளியார் பிடிக்க இது ஒரு வழி. பணம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்றால் அது பினாமி. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, பெயர் கொடுத்தவருக்கும் ஓராண்டு முதல் ஏழாண்டுவரை கடுங்காவல் தண்டனை உண்டு, சொத்தும் பறிமுதலாகும். பவர் பத்திரத்திலும் எச்சரிக்கை வேண்டும். பவர் பத்திரத்தை வைத்து நிலத்துக்கு உரிமையாளராகிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. மேலாளருக்குத் தேவை வேலை நியமனக் கடிதமும் அவர் அதிகாரம் எதுவரை என்று எழுதிய ஒரு தாளும்தான்.

எப்படிப் போவது?

இந்த வேலைக்கு இன்ன பட்டம்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால்தான் இது நமக்குத் திறந்த கதவு; அதனால்தான் சிபாரிசும் இங்கே அதிகம். பி.காம்., படித்தவருக்குக் கணக்கு கைகொடுக்கும். தோட்டக்கலை படித்தவருக்குத் தோட்டம் கைகொடுக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைப் பட்டப்படிப்பு இருக்கிறது. தோட்ட நிர்வாகத்துக்கென்றே பெங்களூருவில் மத்திய அரசின் கல்வி நிறுவனம் 1993 முதல் நடக்கிறது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன், பிளம்பர் படித்தவர் பாதி மேலாளர். மீதிப் பாதிக்கு டேலி கணக்கும், கடிதம் எழுதும் அளவுக்கு ஆங்கிலமும் பழகினால் போதும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தாட்கோ அவ்வப்போது விடுதி நிர்வாகம் உள்ளிட்ட திறன் பயிற்சிகளை அறிவிக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குப் போகும்போது தாட்கோ அலுவலகத்திலும் ஓர் எட்டு விசாரித்து வாருங்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் பயிற்சி நம் வீட்டிலேயே இருக்கிறது. அடுத்தவர் சொத்தைப் பராமரிக்கக் கற்பதற்கு முன், நம் குடும்பத்துக் காகிதங்களை ஒரு கோப்பில் அடுக்குங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது? தாத்தா பெயரிலேயே நிற்கிறதா? சிட்டா, அடங்கல், புல வரைபடம் இருக்கிறதா? வில்லங்கச் சான்றில் நமக்குத் தெரியாத பதிவு ஏதாவது வந்திருக்கிறதா? இ-சேவை மையத்தில் அரை மணி நேர வேலை இது.

1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று அரசு ஒப்படைத்த பஞ்சமி நிலங்களின் கதையை எல்லோரும் அறிவோம். பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை இருந்தது. இருந்தும் நிலம் கை மாறியது. நிபந்தனை எழுதிய தாள் நம் வீட்டில் இல்லாததும், இருந்தாலும் படிக்க ஆள் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். கொல்லிமலைப் பழங்குடியினருக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தரும் பட்டா வாரிசுக்குப் போகும். யாருக்கும் விற்க முடியாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படும். இதை அறிந்த ஒரு மகளோ மகனோ வீட்டில் இருந்தால், அந்தக் குடும்பத்துக்குச் சொத்து மேலாளர் கிடைத்துவிட்டார் என்று பொருள்.

மலையாளிப் பழங்குடி இளைஞர்களுக்கு இன்னொன்றும் சொல்வோம். மிளகும் காப்பியும் உங்கள் நிலத்திலும் விளைகின்றன. சோளக்காட்டுச் சந்தையில் எடை போடுகிறவர் சொல்லும் கணக்கை அப்படியே கேட்டுக்கொள்ளும் பழக்கம் மாற வேண்டும். பத்துக் குடும்பம் சேர்ந்து ஒருவரைக் கணக்கு எழுத வைத்தால், அவரும் மேலாளர்தான். முதலாளி வெளியூரில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

சாவிக்கொத்து வைத்திருந்த அந்த இளைஞரிடம் ஒரு 80 பக்க நோட்டு வாங்கச் சொல்லியிருந்தோம். தினமும் நடந்ததை எழுதுங்கள், யார் கேட்காவிட்டாலும் எழுதுங்கள் என்றோம். ஆடிப்பெருக்கையொட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு மலையேறியபோது மறுபடியும் பார்த்தோம். நோட்டை எடுத்துக் காட்டினார். தேதி, வந்தவர்கள், அறை எண், வாங்கிய தொகை, மோட்டார் ரிப்பேர், பறித்த ஆட்கள், கிலோ, கூலி. கையெழுத்து கொஞ்சம் கோணல். கூட்டல் சரியாக இருந்தது.

ஒரு மாதம் முதலாளியின் மச்சான் கணக்கில் வந்த குழப்பம் இந்த நோட்டைப் பார்த்துத்தான் தீர்ந்ததாம். அதன்பிறகு முதலாளியே போனில் இவரிடம் கணக்கு கேட்கிறாராம். சம்பளம் கூடியதா என்று கேட்டோம். “கேட்டிருக்கறனுங்க. மேனேஜர்னு எழுதிக் கொடுக்கச் சொல்லியும் கேட்டிருக்கறேன். பாக்கலாம்னாருங்க” என்றார்.

இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. நோட்டு மட்டும் 43-ஆம் பக்கத்துக்கு வந்திருக்கிறது.